நாற்பது வயதிலும் வேகமாக ஓடலாம்; முதலில் கால்களுக்குப் பலம் வேண்டும்

ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி மாதங்களில் எங்கள் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கின்றன. மாணவர்களின் நிகழ்ச்சிகள் முடியும் தறுவாயில் பழைய மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஓர் ஓட்டம் வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர், கடை வைத்திருப்பவர், கந்தோரில் வேலை செய்பவர் என்று எல்லோரும் கோட்டில் வந்து நிற்பார்கள். விசில் ஊதி 30, 40 மீற்றர் போவதற்குள் யாராவது ஒருவர் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். "வயது போட்டுது" என்று சொல்லி அவரும் சிரிப்பார்.

வயது அதற்கு ஒரு பகுதிக் காரணம் மட்டுமே. பல வருடங்களாக வேகமாக ஓடாத கால், ஒரே நாளில் முழு வேகத்துக்குத் தள்ளப்படுவதுதான் பெரிய காரணம்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். வன்னியில் ஒரு குளத்தை அண்டிய மைதானத்தில், 35 வயதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும் உள்ள சிறு குழுவொன்றுக்கு மாலை நேரங்களில் ஓட்டப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இவர்களில் பலர் பாடசாலைக் காலத்தில் நன்றாக ஓடியவர்கள். மாகாண மட்டத்துக்குப் போயிருக்க வேண்டிய வயதில் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது மைதானங்களில் கூடாரங்கள் இருந்தன. "சேர், இனி ஓடி என்ன காணப் போறம்?" என்று முதல் நாளில் அநேகமாக எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உலக அளவில் 35 வயதிலிருந்து மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகள் ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாக நடத்தப்படுகின்றன. 2003இல் 100 மீற்றர் உலகச் சம்பியனான கிம் கொலின்ஸ், தன் வாழ்நாளின் மிகச் சிறந்த நேரமான 9.93 செக்கனை ஓடியது 2016இல், தனது 40ஆவது வயதில். மேர்லின் ஒட்டி 52 வயதில், 2012 ஐரோப்பியச் சம்பியன்ஷிப்பில் சுலோவேனியாவுக்காக அஞ்சலோட்டம் ஓடினார். எங்கள் நாட்டின் சுசந்திகா ஜயசிங்க 31 வயதில், 2007 ஒசாகா உலகச் சம்பியன்ஷிப்பில் 200 மீற்றர் வெண்கலம் வென்றார். இவர்கள் வாழ்நாள் முழுவதும் பயிற்சி செய்தவர்கள். அவர்களோடு எங்களை ஒப்பிட முடியாது. ஆனால் முப்பதோடு வேகம் முடிந்துவிடும் என்ற பேச்சு சரியல்ல என்பதற்கு இவர்கள் சாட்சி.

வயது போகப் போக உடலில் என்ன நடக்கிறது? எங்கள் தசைகளில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் உழைக்கும் நார்களும், வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் நார்களும் உள்ளன. வயதோடு அதிகம் மெலிவது இரண்டாவது வகை. தோட்ட வேலையும் சைக்கிள் ஓட்டமும் முதல் வகையை உழைக்க வைக்கின்றன. இரண்டாவது வகை பாரம் தூக்கும்போதும் மிக வேகமாக ஓடும்போதும்தான் முழுமையாக வேலை செய்கிறது. அதனால் வயதானவர்களின் வேக ஓட்டப் பயிற்சி பாரம் தூக்குவதில் தொடங்க வேண்டும்.

தசை எந்த வயதிலும் பயிற்சிக்குப் பதில் சொல்லும். 1990இல் அமெரிக்காவில் முதியோர் இல்லமொன்றில், 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரங்கள் பாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் கால் தசைப் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலானது. 45 வயதுக்காரர் தயங்க வேண்டியதில்லை.

இதற்கு ஜிம் தேவையில்லை. எங்கள் குழு உரப்பைகளில் மணல் நிரப்பிக் கட்டி வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் பதுங்குகுழிக்கு அடுக்கிய அதே மணல் மூடைதான். 10 கிலோவில் தொடங்கி, சுலபமாகும்போது இரண்டு இரண்டு கிலோவாகக் கூட்டுகிறோம். வாரத்தில் இரண்டு நாள், ஐந்து பயிற்சிகள்:

1. மூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாங்கில் இருந்து எழும்புதல்.
2. முதுகை நேராக வைத்து, இடுப்பில் மடிந்து, நிலத்திலிருந்து மூடையைத் தூக்குதல்.
3. ஒரு சீமெந்துக் கல்லின் மேல் ஒற்றைக் காலால் ஏறி இறங்குதல்.
4. ஒற்றைக் காலில் நின்று குதிக்காலை உயர்த்தி மெதுவாக இறக்குதல்.
5. முழந்தாளிட்டு, கணுக்கால்களை ஒருவர் பிடித்திருக்க, உடலை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய்தல்.

ஒவ்வொன்றும் 6 முதல் 8 தடவை, மூன்று சுற்று. ஐந்தாவதை மட்டும் ஒரு சுற்றில் 3 தடவையோடு தொடங்க வேண்டும். முதல் வாரத்தில் தொடை கடுமையாக நோகும். தொடையின் பின்தசையைக் காப்பதில் இந்தப் பயிற்சிக்கு நிகர் குறைவு. கால்பந்தாட்ட வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில் அந்தத் தசைக் காயங்கள் இதனால் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துள்ளன. வேகமாக ஓடும்போது முன்னால் வீசிய காலை, நிலத்தில் படுவதற்குச் சற்று முன் இழுத்துப் பிடிப்பது அந்தத் தசைதான். அது நீண்டபடியே பாரம் தாங்குகிறது. பெரும்பாலும் கிழிவதும் அந்தக் கணத்திலேதான்.

இனி ஓட்டம். "வியர்த்து விழுந்தால்தான் பயிற்சி" என்பது எங்களிடம் ஊறிய எண்ணம். மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றுவது உடலுக்கு நல்லதுதான், ஆனால் அது வேகத்தைத் தராது. முழு வேகத்துக்கு வேண்டிய சக்தி தசையில் சில செக்கன்களுக்கு மட்டுமே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது திரும்ப நிரம்புவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். களைப்போடு அடுத்த ஓட்டத்தைத் தொடங்கினால், மெதுவாக ஓடுவதற்குத்தான் உடல் பழகும், காயமும் வரும். அதனால் ஒவ்வொரு 10 மீற்றர் வேக ஓட்டத்துக்கும் ஒரு நிமிட ஓய்வு என்பது பயிற்றுநர்கள் பலர் கையாளும் கணக்கு. 30 மீற்றர் ஓடினால் 3 நிமிடம் நடக்க வேண்டும். எங்கள் மைதானத்துக்குப் புதிதாக வருபவர்கள் "என்ன, நிறைய நேரம் சும்மா நிற்கிறீங்கள்" என்பார்கள். அந்த ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

நாங்கள் பின்பற்றும் 12 வார ஒழுங்கு இது. முதல் 4 வாரங்கள் பாரப் பயிற்சியோடு, புல் தரையில் 50 மீற்றர் தூரத்தை அரைவாசிக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் 5, 6 தடவை ஓடுதல். அடுத்த 4 வாரங்கள் குளக்கட்டுச் சரிவில் மேல்நோக்கி 15 முதல் 20 மீற்றர் வரை 5 ஓட்டம். திரும்பி நடந்து இறங்குதல். மேட்டில் ஓடும்போது முழுப் பலத்தையும் கொடுக்கலாம், ஆனால் கால் மிக வேகமாக வீசப்படுவதில்லை. பின்தசைக்கு ஆபத்துக் குறைவு. கடைசி 4 வாரங்கள் சமதரையில் 30 மீற்றர் 4 தடவை, பிறகு படிப்படியாக 60 மீற்றர். வேக ஓட்டம் வாரத்தில் இரண்டு நாள் போதும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. ஒவ்வொரு நாளும் மெல்லோட்டம், கால் வீசல், முழங்கால் உயர்த்தி ஓடுதல் என்று 20 நிமிடம் உடலைச் சூடாக்கிய பிறகே வேகம்.

12 வாரங்கள் ஏன்? தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். அதை எலும்போடு இணைக்கும் நாண் மெதுவாகத்தான் பலப்படும். முழு வேகத்தில் பாதம் நிலத்தில் நிற்பது செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தச் சிறு நேரத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. ஆறாவது வாரத்தில் "இப்ப நல்லாயிருக்கு, ஓடிப் பாப்பம்" என்று பலருக்குத் தோன்றும். அந்த நேரம்தான் குதிக்கால் நாண் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் மக்களுக்கென்று சில விடயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடலில் எறிகணைச் சிதறல் இருப்பவர்கள், எலும்பு முறிந்து தகடு வைத்தவர்கள் முதலில் எக்ஸ்ரேயோடு வைத்தியரிடம் போங்கள். பயிற்சியின்போது விறைப்போ, மின்சாரம் பாய்வதுபோன்ற வலியோ வந்தால் அன்றே நிறுத்துங்கள். பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் பரிசோதனைக்குப் பிறகே வேக ஓட்டம். செயற்கைக் கால் அணிந்தவர்கள் பாரப் பயிற்சியில் நன்றாகச் சேரலாம். ஆனால் நடப்பதற்குச் செய்த கால் வேக ஓட்டத்தின் விசைக்குச் செய்யப்பட்டதல்ல. கால் செய்து தந்த நிலையத்தில் கேட்டுத்தான் ஓட வேண்டும்.

உணவில் புரதம் முக்கியம். முட்டை, நெத்தலி, பருப்பு, கடலை, பயறு போதும். விலை கூடிய மாவு தேவையில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் சிலரும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் வேகமாகக் குறையும். பாரம் தூக்குவது அதைத் தாமதப்படுத்தும். அவர்களில் பலருக்குப் பதக்கம் தேவையில்லை. தண்ணீர்க் குடத்தோடு படியேறும்போது முழங்கால் நோகாமல் இருப்பதே பெரிய வெற்றி.

எங்கள் தலைமுறை இளவயதில் ஓடாமல் இருக்கவில்லை. பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் ஓடியிருக்கிறோம். அந்த வருடங்களை எந்தப் பயிற்சியும் திருப்பித் தராது. ஆனால் கோடு போட்ட மைதானத்தில், விரும்பி, 60 மீற்றர் தூரத்தை முழு வேகத்தில் ஓடி முடிக்க இன்னும் முடியும். அடுத்த தைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இந்த வாரம் ஓர் உரப்பையும் கொஞ்ச மணலும் தேடி எடுங்கள்.