சீப்பு அவளுக்கு, பவுடர் அவனுக்கு!

நடிகையின் தலையை வாரிவிடப் பெண்கள் வரலாம். அவள் முகத்துக்குப் பவுடர் பூச மட்டும் வரலாகாது! மும்பைச் சினிமா உலகில் ஒப்பனைக்காரர்களின் சங்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டிக் காத்துவந்த நியதி இது. சிகையலங்காரம் செய்யப் பெண்ணுக்கு உறுப்பினர் அட்டை உண்டு. மேக்கப்புக்கோ ஆண்களுக்கு மட்டுமே அட்டை. அட்டையின்றி ஸ்டூடியோவில் வேலை செய்தால் தடையும் தொல்லையும் தவறாமல் வந்து சேரும்.

இதற்குக் காரணம் என்ன? பெண்களை விட்டால் ஆண்களின் பிழைப்புப் போய்விடுமாம்! பெண்களுக்கு இத்தொழில் வராது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நன்றாக வந்துவிடும் என்றே அஞ்சினார்கள்!

அயல்நாட்டில் இக்கலையை முறையாகப் பயின்ற சாரு குரானா என்ற பெண்மணியும் வேறு சிலரும் சுப்ரீம் கோர்ட்டை நாடினர். 2014 நவம்பர் 10-ந் தேதி அந்த விதி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. ஆண், பெண் என்ற பேதத்தைக் காட்டி ஒருவரின் ஜீவனத்தை மறுக்கலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். சமத்துவம் பேசும் நமது அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950-ல். அந்தச் சமத்துவம் ஒரு பவுடர் டப்பா வரை வந்து சேர 64 ஆண்டுகள் பிடித்தன!

எழுதிவைத்த விதியாகையால் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. எழுதாத விதிகளை யார் ரத்துச் செய்வது? "காமிராவா? பெண்ணுக்கு அதெல்லாம் எதற்கு?" என்று நம் வீட்டுக் கூடத்தில் எழும் கேள்வியும் அத்தகைய விதிதான். அதை ரத்துச் செய்யும் அதிகாரம் நம்மிடமே இருக்கிறதல்லவா?