ஷானன் நதிக்கரையில் ஒரு பழைய மடம்



அயர்லாந்து தேசத்தின் நடுப்பகுதியில், ஷானன் நதியின் கிழக்குக் கரையில், கூரையிழந்த கல் ஆலயங்கள் சில நிற்கின்றன. அவ்விடத்தின் பெயர் குளோன்மக்னாய்ஸ். இம்மாதம் அதன் சரித்திரத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கி.பி. 544-ஆம் ஆண்டளவில், கியாரன் என்னும் தச்சனின் மகன் சில தோழர்களுடன் இங்கு வந்து, மரத்தால் ஒரு சிறிய ஆலயம் கட்டினார். சில மாதங்களுக்குள் கொள்ளைநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 33 என்பது பாரம்பரியம். ஆனால் அவர் தெரிந்துகொண்ட இடம் நல்ல இடம். சதுப்புநிலங்களுக்கு நடுவே மேடாக ஓடிய கிழக்கு மேற்குப் பாதை, நதியைக் கடந்தது இங்கேதான். 804-ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட கருவாலி மரங்களாலான பாலத்தின் தூண்கள் ஆற்றின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. மடத்தைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது. 1179-ஆம் ஆண்டுத் தீயில் 105 வீடுகள் எரிந்தன என்று பழைய ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன.

909-ஆம் ஆண்டில் பிளான் என்னும் அரசரும் கோல்மன் என்னும் மடாதிபதியும் பெரிய கல் ஆலயத்தைக் கட்டினார்கள். அக்காலத்துக் கற்சிலுவை ஒன்று ஏறக்குறைய 4 மீட்டர் உயரமுடையது. வேதாகமக் காட்சிகள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. மழையும் காற்றும் அதை அரிக்காதபடி, இப்பொழுது அதைக் காட்சிக்கூடத்திற்குள் வைத்து, பழைய இடத்தில் அதன் பிரதியை நிறுத்தியிருக்கிறார்கள்.

இங்கிருந்தவர்கள் எல்லாரும் பரிசுத்தவான்கள் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. 764-ஆம் ஆண்டில் இம்மடத்தார் டரோ மடத்தாரோடு யுத்தம் செய்தார்கள். வைக்கிங் கொள்ளையர் வந்தனர்; அயர்லாந்து அரசர்களும் கொள்ளையிட்டனர். ஐரிஷ் மொழியிலேயே எழுதப்பட்டு இன்றும் எஞ்சியுள்ள ஏடுகளில் மிகப் பழமையானதை எழுதியவர்களில் ஒருவர் மயெல் மூரி. 1106-ஆம் ஆண்டில் கொள்ளையர் அவரை இந்தக் கல் ஆலயத்திற்குள்ளேயே கொன்றார்கள். அவர் எழுதிய ஏடோ இன்று டப்ளினில் பத்திரமாயிருக்கிறது. 1124-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட வட்டக் கோபுரத்தின் உச்சியை 1135-ஆம் ஆண்டில் இடி தகர்த்தது. கடைசியாக 1552-ஆம் ஆண்டில், அத்லோன் கோட்டையிலிருந்து வந்த ஆங்கிலேயப் படையினர் மணிகளையும் புத்தகங்களையும் ஜன்னல் கண்ணாடிகளையும்கூட விட்டுவைக்கவில்லை.

இன்று அங்கே ஆலயச் சுவர்களும், இரண்டு வட்டக் கோபுரங்களும், 700-க்கும் அதிகமான பழைய கல்லறைக் கற்களும் மீந்திருக்கின்றன. இறந்தவருக்காக ஒரு ஜெபம் கேட்கும் சில சொற்களே அக்கற்கள் பலவற்றில் காணப்படுகின்றன.

நம் மனதைத் தொட்டது ஒரு வாசல். பேராலயத்தின் வடபுறத்திலுள்ள அது, 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் வளைவின் ஒரு பக்கத்தில் மெதுவாய்ப் பேசினால், மறுபக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாய்க் கேட்கும். தொழுநோயாளிகள் ஒரு பக்கத்தில் நின்று பாவ அறிக்கை செய்ய, குருவானவர் மறுபக்கத்தில் காதைச் சாய்த்துக் கேட்பாராம். இது செவிவழிச் செய்திதான். ஆனாலும், கிட்டே வர அனுமதியில்லாதவனின் குரலும் கேட்கப்படவேண்டும் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

கியாரன் கண்டது ஒரு மர ஆலயத்தை மட்டுமே. அவர் தொடங்கிய வேலையைப் பெயர் தெரியாத அநேகர் ஆயிரம் ஆண்டுகள் சுமந்தார்கள். அவர்களையும் நன்றியோடு நினைவுகூருகிறோம்.