மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாமா? தாராளமாக!

"இங்கிலீஷ்ல எழுதினாத்தான் வேலை நடக்கும்" என்று யாராவது சொன்னால், அதை நம்பிக் காசு கொடுத்து ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டாம்.

1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ். தாலுகா ஆபீஸோ கலெக்டர் ஆபீஸோ, தமிழ் மனு போதும். ஒன்றிய அரசுக்கோ வேறு மாநிலத்துக்கோ ஆங்கிலத்தில் கடிதம் போகணும்னா, அது அலுவலகத்தின் வேலை. உங்கள் வேலை இல்லை.

சரி, ஒன்றிய அரசு அலுவலகத்துக்கே மனு கொடுக்கணும்னா? அரசியலமைப்பின் 350-வது பிரிவு, குறைதீர்க்கும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் தரும் உரிமையை அளிக்கிறது. நம் மாநில அலுவலகங்களில் இங்கு வாழும் தெலுங்கு, உருது பேசும் மக்களுக்கும் இதே உரிமை உண்டு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6-வது பிரிவுப்படி, தகவலையும் தமிழில் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர பொதுத் தகவல் அலுவலர் உதவணும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

டைப் பண்ணத் தெரியலையா? போன் கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசுங்கள், மனு ரெடி. கொடுத்த பிறகு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால், முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்குத் தமிழிலேயே பேசலாம்.