தொடாமலே பீப் அடிக்கும் அடுப்பு

நிலாவெளியில் வாடைக்காற்று வீசத் தொடங்கினால் கரையோரக் குசினிகளில் இன்டக்ஷன் அடுப்புகளுக்கு ஒரு விநோத நோய் வரும். யாரும் கிட்டப் போகாமலே பீப் என்று கத்தும். பூட்டுப் பொத்தான் தானாக விழும். ஆறிக் கிடக்கும் அடுப்பு, சட்டி அளவுமீறிச் சூடாகிவிட்டது என்று ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணுமாகத் திரையில் காட்டிவிட்டு நின்றுபோகும். கடைக்குக் கொண்டுபோனால், “போர்ட் அடிச்சுப் போச்சு, புதுசு போடவேணும்” என்பார்கள். பல வேளைகளில் போர்ட் நன்றாகவே இருக்கும். அதன்மேல் உப்பு ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் வீசுகின்றன. யன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் அதே காற்றைத்தான் அடுப்பும் இழுக்கிறது. இன்டக்ஷன் அடுப்பைத் திருப்பிப் பாருங்கள்: அடியில் ஒரு விசிறி இருக்கும். உள்ளே சூடேறும் பாகங்களைக் குளிர்விக்க அது குசினிக் காற்றை நேரே போர்ட்டின்மேல் ஊதுகிறது. காற்றோடு எண்ணெய்ப் புகையும் போகும், உப்பும் போகும். எண்ணெய்ப் பிசுக்கு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். திருகோணமலைக் கரையின் மாரி இரவுகளில் இந்த அளவு சாதாரணம். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. உப்பளப் பாத்தியில் உப்பு விளைந்த பின் எஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பது அதுதான். அதற்கு 33 சதவீத ஈரமே போதும். அதனால் கடலோர வீட்டுப் போர்ட்டின்மேல் படிந்த உப்பு கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை.

இந்த மெல்லிய ஈரப்படலம் அடுப்பை ஏமாற்றும் விதம் எனக்கு என்றுமே வியப்பு. கண்ணாடித் தட்டின் நடுவே, அடிப்பக்கத்தில், மிளகளவில் ஒரு வெப்ப உணரி ஒட்டிக்கொண்டிருக்கும். பல அடுப்புகளில் அதன் மின்தடை 25 பாகையில் ஓர் இலட்சம் ஓம். சூடு ஏற ஏறத் தடை குறையும். அந்தக் குறைவைப் பார்த்தே அடுப்பு வெப்பநிலையை அறிகிறது. உணரியின் இரு கால்களுக்கும் இடையே உப்பீரம் இன்னொரு இலட்சம் ஓம் பாதையைத் திறந்துவிட்டால், மொத்தத் தடை பாதியாகிவிடும். குளிர்ந்த அடுப்பு தன்னை ஏறக்குறைய 40 பாகை என்று நம்பும். அந்தக் கசிவுப் பாதை ஐயாயிரம் ஓம் அளவுக்குத் தடித்துவிட்டால், 110 பாகைக்கு மேல் என்று நம்பிப் பயந்து நிற்கும். உணரியில் பிழையில்லை, கணக்குப் போடும் சில்லிலும் பிழையில்லை. இரண்டுக்கும் நடுவில் புகுந்த உப்புதான் பொய் சொல்கிறது.

தொடு பொத்தான்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். விரல் அருகே வரும்போது மின்புலத்தில் ஏற்படும் மிகச் சிறு மாற்றத்தை அவை உணர்கின்றன. உப்புநீர்ப் படலமும் அதே மாற்றத்தை உண்டாக்கும். அமுக்கும் பொத்தான் உள்ள மாதிரிகளில் நடப்பது இன்னும் அழகானது. பிளாஸ்டிக் தாளுக்குள் வெள்ளி மையால் அச்சிட்ட கோடுகள் ஓடுகின்றன. ஈரம் புகுந்தால், ஐந்து வோல்ற்றே இருந்தாலும், நேர்முனைக் கோட்டிலிருந்து வெள்ளி அயன்களாகக் கரைந்து எதிர்முனைக்கு நகர்ந்து அங்கே படியும். படிந்தது கிளைவிட்டு, உருப்பெருக்கியில் பன்னத் தழை போலத் தெரியும் வெள்ளிச் செடியாக நேர்முனைக் கோட்டை நோக்கித் திரும்ப வளரும். தொட்டுவிட்டால், யாரோ பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருப்பதாக அடுப்பு எண்ணும். 1955இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கோமனும் சகாக்களும் தொலைபேசிக் கருவிகளில் இந்த வெள்ளி நகர்வை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள்.

உப்பு மட்டுமே காரணமென்று சொல்ல மாட்டேன். கறண்ட் போய் வரும் கணமும் போர்ட்டுக்கு ஆபத்தானது. 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடே இருண்டது. கறண்ட் போனதும் அடுப்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மீண்டும் வந்து நிலைத்த பிறகு செருகுவதே நல்லது. கறண்ட் வந்த கையோடு பியூஸ் கருகி அடுப்பு செத்தால், அது உப்பின் வேலையல்ல.

பழுது வந்தால் முதலில் பிளக்கைக் கழற்றி, தட்டைத் துடைத்துக் காயவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். தொடு சில்லு மின் வந்ததும் தன் அளவுகோலைப் புதிதாக எடுத்துக்கொள்ளும். அத்தோடு பல தொல்லைகள் தீரும். திரையில் வரும் எண்ணின் பொருள் கம்பனிக்குக் கம்பனி மாறுவதால் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். மழை நாளில் வந்து வெயில் நாளில் மறையும் பழுதென்றால் உப்பையே முதலில் சந்தேகியுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம். 230 வோல்ற் உள்ளே நேர்மின்னாக மாறும்போது 320 வோல்ற்றைத் தாண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவியில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும்.

திருத்துபவர் திறந்து பார்த்தால், விசிறியின் வாய்ப்பக்கத்தில் செப்புக் கோடுகள் பச்சை பூத்திருப்பது தெரியும். அனேகர் அதை ஐசோபுரப்பைல் அல்ககோலால் துடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகும், போர்ட் பளபளக்கும். ஆனால் தூய அல்ககோலில் உப்பு அநேகமாகக் கரைவதில்லை. அடுத்த மழையில் அதே பழுது திரும்பி வருவது இதனால்தான். முதலில் வடிநீரில் தூரிகை நனைத்து உப்பைக் கழுவி எடுக்கவேண்டும். பிறகு அல்ககோலால் அந்த நீரைப் போக்கி, முழுதாக உலர்த்தி, காப்பு வார்னிஷ் பூசவேண்டும்.

ஆகவே புதிய போர்ட்டுக்குக் காசு கொடுக்குமுன் திருத்துபவரிடம் இதைக் கேளுங்கள்: “பழசை வடிநீரில் கழுவிப் பார்த்தீங்களா?”