துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரமா? டிக்கெட் சொல்லாத கணக்கு!

திண்டுக்கல்லில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகனுக்கு துபாயில் வேலை, இளையவனுக்கு சிங்கப்பூரில். இருவருக்குமே மதுரையிலிருந்து பகல் 12 மணிக்கு விமானம். டிக்கெட்டில் துபாய் விமானம் 2.30-க்கு இறங்கும் என்கிறது. சிங்கப்பூர் விமானம் மாலை 6.30-க்கு. "சின்னவன்தான் ரொம்ப தூரம் போறான்" என்று அம்மா கண்ணைக் கசக்குகிறார்.

கசக்கத் தேவையில்லை. மதுரையிலிருந்து துபாய் நேர்கோட்டில் சுமார் 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 3,000. ஏறக்குறைய நட்ட நடுவில் இருக்கிறது நம் மதுரை! எங்கும் நிற்காமல் பறந்தால் இரண்டுக்குமே நான்கு மணி நேரம், கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

குழப்பம் எங்கே? டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் ஊர்க் கடிகாரம். இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழ். சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறுகிறவர் 9.30-க்கே மதுரையில் இறங்குவார். துபாயில் இரவு 10 மணிக்கு ஏறுகிறவர் இறங்குவது அதிகாலை 3.30-க்கு. அதற்குள் தேதி மாறிவிடும். துபாயில் ஏறிய தேதியை வைத்து வாடகை கார் பிடித்தால், டிரைவர் ஒரு நாள் முன்னதாகவே போய் நிற்பார்!

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆடி மாதம் திண்டுக்கல் பக்கம் புழுதி கிளப்பும் காற்று மேற்கேயிருந்து வருகிறது. அதே மாதங்களில் விமானங்கள் பறக்கும் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. 1950-களில் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோடேஸ்வரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை துபாய் போகிறவருக்கு இந்தக் காற்று முதுகில் தள்ளும். சிங்கப்பூர் போகிறவருக்கு எதிரே நிற்கும். சில நிமிடங்கள் கூடலாம், குறையலாம்.

ஆனால் நிமிடங்களைவிடப் பெரிய கணக்கு தரையில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை 65 கிலோமீட்டர். விமான நிலையம் ஊரைத் தாண்டித் தெற்கே. காரில் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். இறங்கிய பிறகு குடியேற்றச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பு என்று இன்னொரு மணி நேரம். நான்கு மணி நேரப் பயணம், வாசலிலிருந்து வாசலுக்கு பத்து மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

டிக்கெட்டில் '14-ம் தேதி 00.30' என்று இருந்தால் இன்னும் கவனம். அது 13-ம் தேதி இரவு 12 மணி தாண்டி அரை மணி நேரம். வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 13-ம் தேதி மாலை 7.30-க்குள். ராத்திரி பிரியாணியைப் பார்சல் கட்டி வாங்கிக்கொண்டால் வழியிலேயே சாப்பிட்டுவிடலாம்.