கல்லாச் சாவியும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டும்

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். தென்காசி வரை வியாபாரம். கணக்கு எழுதுவது இரவில், வீட்டுக் கம்ப்யூட்டரில். பிள்ளைகள் விளையாடுவதும் அதில்தான். விளையாட்டோடு வைரஸ் வந்து லெட்ஜர் போனால், 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு என்ன செய்வது?

விண்டோஸில் முதலில் அமையும் அக்கவுண்ட் 'அட்மினிஸ்ட்ரேட்டர்'. அதில் 'யெஸ்' அழுத்தினால் எந்தப் புரோகிராமும் கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றிவிடும். 'ஸ்டாண்டர்ட்' அக்கவுண்டிலோ அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வேண்டும்.

ஆகவே அந்தப் பாஸ்வேர்டைக் கல்லாச் சாவிபோல் நம்மிடமே வைத்துக்கொள்வோம். அன்றாட வேலைக்கு நமக்கொரு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட், பிள்ளைகளுக்குத் தனியே ஒன்று. நம் 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரில் உள்ள லெட்ஜரை அவர்கள் அக்கவுண்டிலிருந்து திறக்க முடியாது.

நம் அக்கவுண்டிலேயே வைரஸ் புகுந்தால் நம் ஃபைல்கள் தப்பாது. எனவே வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகலெடுத்து, கழற்றிப் பெட்டியில் வைப்போம்.