குருதியோட்டம் காட்டும் மீயொலி

தொடர்வண்டி கூவிக்கொண்டு நெருங்கும்போது அதன் ஒலி உச்சமாகவும், கடந்து விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் இவ்வாறு மாறுவதை 1842ஆம் ஆண்டில் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கினார். விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து அவர் கூறிய கருத்து, இன்று மனித உடலுக்குள் ஓடும் குருதியை அறிய உதவுகிறது. டாப்ளர் ஸ்கேன் எனப்படும் ஆய்வு இதுவே.

மனிதச் செவிக்கு எட்டாத, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி மீயொலி ஆகும். கையடக்கக் கருவியொன்று அதனை உடலுக்குள் செலுத்துகிறது. ஓடும் குருதியணுக்களில் பட்டு மீளும் எதிரொலியின் அதிர்வெண் மாறியிருக்கும். அம்மாற்றத்தைக் கணக்கிட்டு, குருதியின் வேகத்தையும் திசையையும் கணினி காட்டுகிறது.

ஆய்வுக்கு வருபவர் படுக்கையில் படுத்திருப்பார். தோலின்மீது குளிர்ந்த களிம்பு பூசப்படும். காற்று மீயொலியைத் தடுக்கும் என்பதால், கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று புகாதிருக்க இக்களிம்பு வேண்டும். வயிற்றிலுள்ள குழாய்களை ஆராய்வதற்குமுன் சில மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வதும் குடலின் வாயுவைக் குறைப்பதற்கே. கால், கழுத்து ஆய்வுகளுக்குப் பொதுவாக இக்கட்டுப்பாடு இல்லை. ஊசி இல்லை, எக்ஸ் கதிரும் இல்லை. இடையிடையே 'உஷ், உஷ்' என்னும் ஓசை எழும். அது குருதியோட்டத்தின் ஒலிவடிவம்.

திரையில் சிவப்பும் நீலமும் தோன்றும். சிவப்பு தூய குருதி, நீலம் தூய்மையற்ற குருதி என எண்ணுதல் தவறு. வழக்கமாகக் கருவியை நோக்கி வரும் ஓட்டத்தைச் சிவப்பும், விலகிச் செல்லும் ஓட்டத்தை நீலமும் குறிக்கும்.

காலின் ஆழ்சிரையில் குருதி உறைந்துள்ளதா என ஆராயும்போது, கருவியால் காலை ஆங்காங்கே அழுத்துவர். நலமான சிரை அமுங்கும். உறைகட்டி அடைத்த சிரை அமுங்காது. வீங்கிய காலில் அழுத்தம் சற்று வலிக்கலாம். ஆயினும் இதனைத் தவிர்த்தல் கூடாது. உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆதலால், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், தைலம் தேய்த்து நீவிவிடாமல் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

ஆய்வு செய்பவர் பேசாமல் திரையையே உற்றுநோக்குவது தீய செய்தியின் அறிகுறியன்று; அளவீட்டில் அவர் கொள்ளும் கவனம் அது. நோயாளியின் நிலையோடு படங்களை ஒப்பிட்டு மருத்துவர் கூறுவதே முடிவாகும்.